பத்தாண்டு மரியாதை

காமாட்சி நகர் மூன்றாம் வீதியில் பெண்டாட்டியிடம் மரியாதையாகப் பேசும் புருஷன் ஒருவர் இருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு, நான்காம் வீதியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காம்பவுண்டுச் சுவரோரமாக நின்று, "தாங்கள் காப்பி அருந்தினீர்களா?" என்று திருமூர்த்தி தன் மனைவியைக் கேட்பதைக் காதாரக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் தங்கள் உருப்படிகளை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

பாக்கியம் செய்தவளோ உள்ளே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பூங்கொடிக்குக் கொழுப்பு என்பதுதான் வீதியின் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல வீதிக்கு எப்போதும் நேரம் இருந்தது. விவரம் கேட்கத்தான் நேரம் இல்லை.

விவரத்துக்கு ஆலவிழுதில் தொடங்க வேண்டும். கோயமுத்தூரில் ஆலவிழுது குழுமத்தைத் தெரியாதவர் இருக்க முடியாது. தெரியாதவரையும் அவர்கள் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். ஆதியில் அது பஞ்சுக்கழிவு அரைக்கும் ஒரு சின்ன மில். மில்லுக்கு மோட்டார் செய்து கொடுத்தவரை முதலில் வாங்கினார்கள். அந்த மோட்டாரைக் கிணற்றுக்கு வாங்க வந்தவரின் தோட்டத்தை அடுத்ததாக வாங்கினார்கள். தோட்டத்துத் தேங்காய்க்காக எண்ணெய் ஆலை, எண்ணெயில் பொரித்துத் தின்றவருக்காக இருதய ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் பிழைத்தவருக்குக் கல்யாண மண்டபம், பிழைக்காதவருக்கு மின்மயானம். மனிதன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரசீது ஒரே இடத்திலிருந்துதான் வரும். 'விழுது இறங்கிய இடமெல்லாம் வாழ்வு' என்று ஊரெங்கும் பலகை வைத்திருந்தார்கள். மயானத்து வாசலிலும் அதே பலகைதான்.

இப்படிப்பட்டவர்கள் ஒரே ஒரு கடையிடம் தோற்றார்கள். அது திருமூர்த்தியின் பேக்கரி.

இத்தனைக்கும் அது ஒன்றும் பிரமாதமான பேக்கரி இல்லை. பஃப்ஸில் காரம் தூக்கல், டீயில் பால் குறைச்சல். எதிரிலேயே ஆலவிழுது ஏசி வைத்து ஒரு பேக்கரி திறந்தது. ஈ மட்டும் போய்க் குளிர் வாங்கிவிட்டு வந்தது. ஜனங்கள் திருமூர்த்தியின் கல்லாவுக்கு முன்னால்தான் நின்றார்கள். எதற்கு? திட்டு வாங்க.

"ஏனுங் சார், சர்க்கரை எரநூத்தம்பது. வாயி மட்டும் தேங்கா பன்னு கேக்குதுங்களா? இந்தாங்க, உப்பு பிஸ்கட்டு. மூஞ்சியச் சுழிக்காம தின்னுங்க." இது ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு.

"எத்தன அரியரு? நாலா? அப்ப டீயில சர்க்கரை பாதிதான். பாஸ் பண்ணீட்டு வா, முழுசாப் போடறேன்." இது கல்லூரிப் பையனுக்கு.

திட்டு வாங்கியவர்கள் சிரித்தபடியே போனார்கள். வீட்டில் யாரும் கவனிக்காத தன் சர்க்கரையை, தன் அரியரை, கடைக்காரர் ஒருவர் ஞாபகம் வைத்துக்கொண்டு கோபப்படுகிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆலவிழுதிலிருந்து ஹரிசுதன் வந்தான். டையும் நெற்றியில் திருநீறுமாக, படித்த, பவ்யமான பிள்ளை.

"கடை வேண்டாமுங்கண்ணா, அடுப்பும் வேண்டாமுங். நீங்க பேசற பேச்சை மட்டும் நாங்க வாங்கிக்கறமுங்."

"வாயை வாங்கறயா தம்பி? ரெண்டு பல்லு ஆடுதே, பரவால்லியா?"

"இதான், இதேதானுங்கண்ணா!" ஹரிசுதன் பூரித்துப்போய் ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து வைத்தான். "இதைக் கழுத்துல ஒட்டிக்குங்க. யாரை என்னன்னு திட்டறீங்க, எங்க நிறுத்தறீங்க, எப்பச் சிரிக்கறீங்க, யாருக்கு என்ன நோவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க, அத்தனையும் எடுத்துக்கும். பொறவு கல்லாவுல ஒரு பெட்டி வெப்போம். அது நீங்களாவே பேசும், கல்லாவும் எங்க கணக்குல ஓடும். நீங்க ஊட்டுல காலை நீட்டிக்கலாம்."

"பொறவு நான் பேசக் கூடாதா?"

"வித்த மாட்டை வித்தவரே கறக்கக் கூடாதுல்லீங். கடை வாடிக்கையாளருங்ககிட்ட மட்டும் பத்து வருசத்துக்கு அந்த மாதிரிப் பேசக் கூடாது. அதுவரைக்கும் பட்டன் கழுத்துலயே இருக்கும், அப்படிப் பேசுனா எச்சரிக்கும். மூணாவது வாட்டி ஆச்சுன்னா பணத்தை வட்டியோட திருப்பிக் கேப்பாங்க. மரியாதையா எவ்வளவு வேணாப் பேசிக்கலாமுங்."

திருமூர்த்தி சிரித்தார். "ஊட்டுல ஒக்காந்தவன் யாருகிட்டப் பேசப் போறேன்? இவகிட்டத்தான். இவ என்ன வாடிக்கையாளரா?"

கையெழுத்துப் போட்டார். சரவணம்பட்டியில் மகளுக்கு ஒரு வீடாயிற்று. அந்தக் கணத்தில் போணியைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பூங்கொடிக்குக் கைராசி என்பது காமாட்சி நகரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். புது ஆட்டோ வாங்கினால் முதல் சவாரி அவள்தான். தையல்கடை திறந்தால் முதல் ரவிக்கைத் துணி அவளுடையதுதான். சொந்தக் கடையை மட்டும் விட்டுவிடுவாளா? முப்பது வருஷமாக, பொழுது விடிந்ததும், கடைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டிலிருந்து புறப்பட்டு, வீதியைச் சுற்றி வந்து, யாரோ எவரோ போலக் கல்லா முன்னால் நின்று, காசை வைத்து ஒரு தேங்காய் பன் வாங்குவாள். ஓசியில் எடுத்தால் அது போணி ஆகாதே. திருமூர்த்தி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"நேத்துத் தின்ன பன்னே செரிச்சிருக்காது, அதுக்குள்ள இன்னொண்ணா? அதென்ன அம்மிணி, வயிறா, சிங்காநல்லூர்க் கொளமா?"

"பன்னு உங்குளுது, கொளம் என்னுது. எடுங்."

இதுதான் அவர்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

பேச்சு கைமாறிய மறுநாள் பூங்கொடி காப்பி கொண்டு வந்து வைத்தாள். திருமூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் அம்மிணி, இது காப்பியா, இல்ல டம்ளர் கழுவுன..." என்று ஆரம்பித்ததும் கழுத்துப் பட்டன் கீச்சென்றது. தேன் குடித்த பெண் குரல் ஒன்று சொன்னது: "மன்னிக்கவும். தங்கள் எதிரில் இருப்பவர் ஆலவிழுதின் தங்க வாடிக்கையாளர். இது முதல் எச்சரிக்கை."

திருமூர்த்தி பட்டனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகளின் வீடு கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "காப்பி நன்றாக இருக்கிறது. தங்களுக்கு நன்றி" என்றார்.

பூங்கொடியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

ஹரிசுதனைப் பிடித்து இழுத்து வந்து கேட்டாள். அவன் சங்கடத்தோடு நெளிந்தான்.

"கடையில கேமரா வெச்ச நாள்லருந்து ஒரு நாள் விடாம காசு குடுத்து வாங்குன ஒரே ஆளு நீங்கதானுங்க்கா. அதனால பெரியவர் உங்களை மொத எடத்துல வெச்சிருக்காரு."

"பெரியவரு யாரு? உங்க மொதலாளியா?"

"இல்லீங், எங்க மெசினு. எதை வாங்கறது, என்ன வெலைக்கு வாங்கறதுன்னு எல்லாமே அவருதான் முடிவு பண்ணுவாரு. மொதலாளிக்குக் கையெழுத்து மட்டும்தானுங்."

"நான் அவரு பொண்டாட்டின்னு அந்தப் பெரியவருகிட்டச் சொல்லு தம்பி."

"சொன்னமுங்க்கா. 'பொண்டாட்டின்னா எதுக்குக் காசு குடுத்தாங்க?'ன்னு கேக்கறாரு." ஹரிசுதன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்குதுங். ஒரு வருசம் எங்க குழுமத்துல எதையுமே வாங்காம இருந்தீங்கன்னா உங்க பேரு தானா விழுந்துரும். பொறவு அண்ணன் உங்களை என்ன வேணாச் சொல்லிக்கலாம்."

எதிர்வீட்டு ரேணுகாதேவிக்கு இந்தக் கவலை புரியவே இல்லை. "என்ற ஊட்டுக்காரரு ஒரு நாளு என்னையத் 'தாங்கள்'னு கூப்புட்டாருன்னா மருதமலைக்கு நடந்தே போவேன். உனக்கு அழுகாச்சி வருதாக்கும்?"

"உங்குளுக்குத் தெரியாதுங்க்கா. நான் ராத்திரி தூங்குனனா, கால் வீங்கியிருக்குதா, மக போன் பண்ணலீன்னு வெசனப்படறனா, அத்தனையும் அவரு திட்டுக்குள்ள இருக்குமுங். மூஞ்சியப் பாக்காம அப்படித் திட்ட முடியாது. இப்ப 'தாங்கள் நலமா'ங்கறாரு. நலம்தான்னு சொல்லீட்டா அங்கியே பேச்சு முடிஞ்சு போச்சு."

ரேணுகாதேவி, "முடிஞ்சா நல்லதுதான" என்றாள்.

ஒரு நாள் தாங்க முடியாமல் பூங்கொடி பேக்கரிப் பக்கம் போய்விட்டாள். கல்லாவில் ஒரு பச்சைப் பெட்டி. அவள் காசை நீட்டியதும் பெட்டி, முப்பது வருஷத்துக் குரலில், "ஏன் அம்மிணி, கண்ணு வீங்கிக் கெடக்குது? அழுதயா? ஊட்டுக்காரன் திட்டுனானா?" என்று கேட்டது.

"திட்டலீங்" என்று சொல்லி, கல்லாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தேம்பினாள். பின்னால் நின்ற ஹெட்மாஸ்டர் உப்பு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த ஒரு பன்னால் ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அதோடு பூங்கொடி வைராக்கியம் பூண்டாள். ஆலவிழுதின் எண்ணெய் வேண்டாம், மாவு வேண்டாம், மருந்தும் வேண்டாம். பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, இருகூரிலிருந்து கேனில் பால் கொண்டுவரும் ராக்கியப்பனைப் பிடித்தாள். ராக்கியப்பன் ஒரு நையாண்டிப் பேர்வழி. "பாலுல தண்ணி கலக்கற பழக்கமே நமக்கு இல்லீங்க்கா. தண்ணியிலதான் பாலைக் கலப்பேன்" என்று சொல்லித்தான் ஊற்றுவான். அவள் அவனிடம் வாங்கினால் வீதியே அவனிடம் வாங்கியது. அடுத்த வாரம் அவன் கழுத்தில் வெள்ளைப் பட்டன். "வணக்கம். பால்" என்றான்.

பூங்கொடி விடவில்லை. தள்ளுவண்டிக் கீரைக்காரி மாராளிடம் போனாள். எட்டு வீதிச் செய்தியும் மாராளிடம்தான் கிடைக்கும். கீரை வெறும் சாக்கு. யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அரைக்கீரைக் கட்டோடு இலவசம். பத்தே நாளில் மாராளும், "வணக்கம். கீரை" என்றாள். அயர்ன் வண்டி, சைக்கிள் கடை, பூக்கடை, எங்கே போனாலும் விழுது பின்னாலேயே இறங்கியது. பணம் கையில் விழும்போது யாருக்குத்தான் வாய் பெரிதாகத் தெரியும்?

காமாட்சி நகரில் சண்டை குறைந்தது. நல்ல விஷயந்தான். கூடவே செய்தியும் நின்றுபோனது. ஐந்தாம் வீதியில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது நமக்குத் தெரியவே மூன்று வாரம் ஆயிற்று என்றால் ஊர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலோ திருமூர்த்தி ஊஞ்சலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். ஒரு முறை பூங்கொடி வேண்டுமென்றே ரசத்தில் உப்பைக் கொட்டினாள். ஒரு கவளம் தின்றார். நெற்றி நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, கை தானாகப் பட்டனைப் பொத்திக்கொண்டது. "சுவையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. உப்பினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வியாழக்கிழமை ஹரிசுதன் பழத்தட்டோடு வந்தான்.

"எதுக்குத் தம்பி நான் போற எடமெல்லாம் தொரத்தறீங்க? உங்குளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?" பூங்கொடி வாசலிலேயே கேட்டாள்.

"தொரத்தலீங்க்கா. நீங்கதான் வழி காட்டறீங்க." அவன் முகத்தில் பெருமை. "நீங்க போணி பண்ணுன கடை எதுவும் படுத்ததில்லீங். நீங்க மாறுனா நாப்பது ஊடு மாறுது. பெரியவர் அதை மோப்பம் புடிச்சுட்டாரு. இந்த வட்டாரத்துக்கு அவருகிட்ட ஒரே விதிதான். காலையில உங்க மொதப் போணி எங்கியோ, சாயங்காலம் அந்தக் கடைக்கு வெலை. உங்களாலதான் எனக்குப் பிரமோஷனே வந்துதுங்க்கா."

பூங்கொடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராக்கியப்பனின் நையாண்டியும் மாராளின் எட்டு வீதியும் அவள் கண்ணுக்குள் வந்து போயின. அவ்வளவையும் அவள் கைதான் தின்றிருக்கிறது. புருஷன் வாயைத் திறக்கப் போய் ஊர் வாயை அடைத்துவிட்டாள்.

ஹரிசுதன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "ஒரு ஒதவிங்க்கா. நாளைக்கு நம்ம புது ஆபீசு தெறப்பு. பங்கு விக்கற கடைங். நீங்க வந்து ஒரே ஒரு பங்கு போணி பண்ணிக் குடுக்கோணும்."

"படிச்ச புள்ள, நீயுமா கைராசிய நம்பறே?"

"நான் நம்பறதில்லீங். அம்மாதான் 'அந்தக்கா கையில போணி ஆகாம ஆரம்பிக்காதே'ன்னு கண்டிசனாச் சொல்லீருச்சு." காதோரம் சிவந்தது பிள்ளைக்கு.

"அதும் ஆலவிழுதுதான? வாங்குனா என்ற ஒரு வருசம் போயிருமே?"

"ச்சேச்சே! காயிதத்துல அது தனிக் கம்பெனிங். பேரே வேற, 'மடிநிறை'ன்னு. எங்க தாய்க் கம்பெனியோட மொத்தப் பங்கும் அதுகிட்டத்தான் இருக்குது. ஆனா சட்டப்படி எங்களுக்கும் அதுக்கும் ஒறவே கெடையாதுங். வரிக்காகப் பண்ணுன ஏற்பாடு."

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்க கடைதான்னு பெரியவருக்குத் தெரியுமா?"

"அவரு காயிதத்தை மட்டுந்தான் படிப்பாருங்க்கா. அதான அவரு பெருமையே."

பூங்கொடி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு களை வந்ததை எதிர்வீட்டு ரேணுகாதேவியே பார்த்திருக்கிறாள். "வர்றேன் தம்பி. உங்கம்மா சொன்னாத் தட்ட முடியுமா? தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு வெடியக்காலமே வந்தர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை, மல்லிகைப்பூவும் புதுச்சேலையுமாக, வேறு எந்தக் கடையிலும் கால் வைக்காமல் நேரே மடிநிறைக்குப் போனாள். வெற்றிலையில் காசு வைத்து ஒரே ஒரு பங்கு வாங்கினாள். ஹரிசுதன் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கற்பூரம் காட்டினார்கள். எல்லோருக்கும் கேசரி.

சாயங்காலம் பெரியவர், தன் விதி தவறாமல், மடிநிறைக்கு விலை பேசினார். முதலாளி, தன் வழக்கம் தவறாமல், படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரவோடு இரவாக ஆலவிழுது குழுமம் ஆலவிழுது குழுமத்தை நல்ல விலைக்கு வாங்கிவிட்டது.

விற்றவர் தம் வாடிக்கையாளரிடம் தம் இயல்பில் பேசக் கூடாது என்பது விதி. இப்போது விற்றவரும் ஆலவிழுதுதான், விதி யாருக்கும் விதிதானே. மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் பேக்கரிக்குப் போனால், பச்சைப் பெட்டி, "வணக்கம். பன்" என்றது. அவர் சர்க்கரையைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆஸ்பத்திரியில் "வணக்கம். ஊசி." மண்டபத்தில் "வணக்கம். தாலி." டிவியில் பாட்டும் ஆட்டமுமாக வரும் விளம்பரத்தில் ஒரு நடிகை வந்து, "வணக்கம். எண்ணெய்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளி பங்குதாரர் கூட்டத்தில் ஏறி நின்று, "வணக்கம். நன்றி" என்று இறங்கினார். அவர் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று சொன்னவர்களும் உண்டு.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. எது யாருக்குச் சொந்தம் என்று தீரும்வரை எல்லாப் பட்டன்களையும் கழற்றி வைக்கும்படி உத்தரவாயிற்று. டை இல்லாமல், திருநீறு மட்டுமாக வந்து, ஹரிசுதனே கழற்றினான்.

"கேசு எப்பத் தம்பி முடியும்?"

"சொல்றதுக்கில்லீங்க்கா. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீலு. அவரு சமாதானத்துக்கு ஒத்துக்கவே மாட்டீங்கறாரு."

காம்பவுண்டுச் சுவரோரம் வீதியே கூடியிருந்தது. திருமூர்த்தி கழுத்தைத் தடவிக்கொண்டார். பட்டன் இருந்த இடம் வெளுத்திருந்தது. பூங்கொடி காப்பியோடு எதிரில் நின்றாள். ஒரு வாய் குடித்தார்.

"காப்பி... நன்றாக..." என்றார் திருமூர்த்தி. அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மரியாதை அவ்வளவு பழகிவிட்டிருந்தது. எழுந்து உள்ளே போகத் திரும்பினார்.

பூங்கொடி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். ஒரு காசை எடுத்து, ஊஞ்சல் பலகையில், கல்லாவில் வைப்பதுபோலவே, டக்கென்று வைத்தாள்.

திருமூர்த்தி நின்றார். காசை எடுத்தார். பழக்கத்தில் கை அதைக் கண்ணுக்குக் கொண்டுபோனது. கண்ணில் ஒற்றிய கை இறங்கவேயில்லை. கைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூஞ்சியப் பாரு, எளைச்சு எலும்பாக் கெடக்கறே. தூங்கறதேயில்ல, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? பன்னு பத்தலீன்னு கம்பெனியவே முழுங்கிப்போட்டு நிக்கற... அது வயிறா அம்மிணி, இல்ல சிங்காநல்லூர்க் கொளமா?"

"கம்பெனி அவிங்குளுது" என்றாள் பூங்கொடி. "கொளம் என்னுது." முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை அவளுக்கு.

நான்காம் வீதிப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கலைந்தார்கள். இவ்வளவு நாள் தங்கமாக இருந்த மனுஷன் இப்படிக் கெட்டுப்போனாரே என்று அவர்களுக்கு வருத்தம்.

ரேணுகாதேவி மட்டும் கலையவில்லை. பட்டனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலை போன முகத்தோடு நடந்த ஹரிசுதனைத் தெருமுனை வரை பின்தொடர்ந்து போய், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஏந்தம்பி, அந்தப் பட்டனு இனிச் சும்மாதான கெடக்கும்? என்ற ஊட்டுக்காரரு கழுத்துல ஒரு பத்து வருசத்துக்கு ஒட்டிப் போடறதுக்கு என்ன கேப்பே?"

ஹரிசுதன் நின்றான். மொத்தம் எத்தனை வீதி, வீதிக்கு எத்தனை ரேணுகாதேவி என்று அவன் மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பையைத் திறந்தான்.

"மொதப் போணி நீங்கதானுங்க்கா" என்றான்.